மணமும் மன்றமும்

திருமணம் யாருடைய உடைமை? மணமக்களுடையதா, பெற்றோருடையதா, சாதியாருடையதா, சமயத்தாருடையதா, அன்றி அரசாங்கத்தினுடையதா? இன்னது மணம், இன்னது மணமன்று என்று வரையறுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்னும் வழக்கு இன்று பல நாடுகளில் எழுந்திருக்கிறது. புதிய வழக்குப் போலத் தோன்றினும் இது மிகப் பழையது. பொய்யும் குற்றமும் உலகில் தோன்றிய பின்னரே பெரியோர் மணச் சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கற்பியலில் கூறுகிறார். செய்ததை மறைப்பது பொய்; செய்ததில் நில்லாமல் தவறுவது வழு. ஒருத்தியை மனைவியாக ஏற்றவன் பின்னொரு நாள் அவளை அறியேன் என்று சொல்லத் துணிந்தபோது, ஊரறிய ஒரு செயல் வேண்டியதாயிற்று. அதுவே கரணம்.

கரணத்தை வகுத்தவர் பெரியோர் என்றாரேயன்றி மன்னர் என்றாரல்லர். அகநானூற்றில் 86-ஆம் பாட்டு ஒரு மண வீட்டைக் காட்டுகிறது. பந்தல் இருக்கிறது, புதுமணல் இருக்கிறது, குடம் சுமந்து வரும் முதுபெண்டிர் இருக்கிறார்கள், மகப்பெற்ற மகளிர் நால்வர் நின்று மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். வேந்தனின் ஏவலர் எவரும் அங்கே இல்லை. ஊரே சாட்சி, உறவே பதிவேடு. சிறிய ஊரில் வாழ்ந்து அவ்வூரிலேயே மடிகிறவர்களுக்கு அந்தச் சாட்சி போதும். கடல் கடந்து சென்றால்? ஊரின் வழக்கத்தையே மறுத்துப் புதுமுறையில் மணந்தால்? அப்போது என்ன நேர்ந்தது என்பதை நாற்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு தீர்ப்புகளைக் கொண்டு இங்கே காண்போம். ஒன்று 1913-இல் கேப்டவுன் நகரில் எழுதப்பட்டது. மற்றொன்று 1953-இல் நம் சென்னையில் எழுதப்பட்டது.

முதல் தீர்ப்பின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1866-ஆம் ஆண்டு பென்சான்சு பிரபு என்னும் நீதிபதியின் முன் ஒரு மணவிலக்கு வழக்கு வந்தது. வழக்கைக் கொணர்ந்தவர் அமெரிக்காவில் மார்மன் சமயத்தாரிடையே மணந்தவர். பின்னர் அச்சமயத்தை விட்டு நீங்கியவர். அவருடைய மனைவி வேறொருவரை மணந்துகொண்டு விட்டார். ஆகவே மணவிலக்கு வேண்டினார். மார்மன் சமயம் அக்காலத்தில் பலதார மணத்துக்கு இடங்கொடுத்தது. நீதிபதி மணவிலக்கை மறுத்தார். மறுத்த காரணமே வியப்புக்குரியது. கிறித்தவ உலகம் அறிந்த திருமணம் ஓர் ஆடவனும் ஒரு பெண்ணும் பிறரை விலக்கி வாழ்நாள் முழுவதற்கும் விரும்பிக் கூடும் கூட்டம். மற்றது எதுவாயினும் இந்த மன்றம் அதனைத் திருமணமாகக் கருதி நியாயம் வழங்காது என்றார். அந்த மனிதருக்கு இருந்தது ஒரே மனைவி. எனினும் அவர் மணந்த சமயம் பல மனைவியரை அனுமதித்தது என்பதே போதுமானதாயிற்று. செய்த குற்றத்துக்கு அன்று, செய்யக்கூடிய குற்றத்துக்கு விதித்த தண்டனை அது! இங்கிலாந்தின் கொடி பறந்த நாடுகளின் நீதிமன்றங்களுக்கெல்லாம் அந்த வரையறை சென்று சேர்ந்தது.

அந்நாடுகளுள் ஒன்று தென்னாப்பிரிக்கா. 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட மக்களை ஏற்றிக்கொண்டு நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து சென்ற தமிழர் மிகப் பலர். நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிர் என்ற கணக்கில் ஆள் சேர்க்க வேண்டுமென்பது விதி. மனிதரைக் கணக்கிட்டு ஏற்றிய அரசாங்கம் அவர்களுடைய மணங்களையும் கணக்கில் வைக்க ஒரு பதிவேடு திறந்தது. பாதுகாவலர் என்று பெயர் பெற்ற அதிகாரியிடம் அப்பதிவேடு இருந்தது. அதில் பதிந்தவர் சிலர், பதியாதவர் பலர். தோட்டத்து வரிசை வீடுகளில் தாலி கட்டி, மாலை மாற்றி, உறவினர் வாழ்த்த மணந்தவர்களுக்கு அந்தப் பதிவேடு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய காரணமும் இல்லை. தந்தையும் பாட்டனும் அவ்வாறே மணந்தவர்கள்.

1913-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் கேப்டவுன் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பளித்தார். போர்ட் எலிசபெத் நகரில் வாழ்ந்த ஓர் இந்திய முஸ்லிம் தம் மனைவியைத் தாயகத்திலிருந்து அழைத்து வந்தார். குடிவரவு அதிகாரிகள் அப்பெண்மணியைக் கரையிறங்க விடவில்லை. நாட்டில் குடியுரிமையோடு வாழ்பவரின் மனைவி உள்ளே வரலாம் என்பது சட்டம். ஆனால் இவர் மனைவியா? பலதார மணத்துக்கு இடங்கொடுக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த மணத்தை இந்நாட்டுச் சட்டம் மணமாக ஏற்பதில்லை. ஆகவே இவர் மனைவியல்லர் என்றார் நீதிபதி. இந்தியர்மேல் பகைகொண்டு அவர் அவ்வாறு எழுதினார் என்று சொல்வதற்கில்லை. முன்னோர் எழுதிய வரையறையை எடுத்து, தம் முன் நின்ற பெண்ணின்மேல் வைத்துப் பார்த்தார்; அளவு பொருந்தவில்லை என்றார். சட்டப் புத்தகத்தின் பார்வையில் பிழையில்லாத ஒரு வேலை.

அதன் விளைவோ கொடியது. முஸ்லிம் ஒருவரின் மணத்தைப்பற்றி எழுந்த தீர்ப்பாயினும், அதன் நெறி இந்துக்களையும் பார்சிகளையும் விடவில்லை. இந்து தருமம் அக்காலத்தில் ஆடவனுக்குப் பல மனைவியரை அனுமதித்ததன்றோ? அந்நாட்டில் கிறித்தவ முறையிலன்றி மணந்த இந்தியப் பெண்டிர் அனைவரும் ஒரு நாளில் மனைவி என்னும் பெயரை இழந்தனர். அவர்கள் பெற்ற மக்கள் முறையாகப் பிறந்தவர்கள்தாமா என்பதும், தந்தை வைத்த பொருள் அவர்களைச் சேருமா என்பதும் ஐயத்துக்கு இடமாயின. இந்தியாவில் இதே பிரித்தானிய அரசு இதே மணங்களை மணங்களென்று ஒப்புக்கொண்டு நீதி வழங்கிக்கொண்டிருந்தது என்பதை இங்கே மறக்கலாகாது. சென்னைத் துறைமுகத்தில் ஒருத்தி மனைவியாகக் கப்பலேறினாள். டர்பன் துறைமுகத்தில் யாரோ ஒருத்தியாக இறங்கினாள். இரு கரையிலும் ஒரே மன்னரின் கொடிதான்.

காந்தியடிகள் அப்போது நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியரின் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்க விரும்புகிறவர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்ற சட்டம் 1895-இல் தோன்றி மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. குடிவரவுச் சட்டங்களும் இருந்தன. ஆயினும் அதுவரை அவர் பெண்களைச் சிறைக்கு அனுப்ப இசைந்ததில்லை. சியர்ல் தீர்ப்பு அந்தத் தடையை உடைத்தது. இழிவு நேர்ந்தது பெண்டிருக்கு. அதனைத் துடைக்கும் உரிமையும் அவர்களுக்கே என்று கொண்டார்.

1913 செப்டம்பரில் பீனிக்ஸ் பண்ணையிலிருந்து கஸ்தூரிபா உள்ளிட்ட பதினாறு பேர் உத்தரவுச் சீட்டின்றி டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிச் சிறைபுகுந்தனர். அவர்களுள் பெண்டிர் நால்வர். மறுபக்கத்திலிருந்து டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பதினொரு பெண்டிர் நேட்டாலுக்குள் நுழைந்தனர். ஒருவர் நீங்கலாக அனைவரும் தமிழ்ப் பெண்டிர். தம்பி நாயுடுவின் மனைவியார் அவர்களுள் ஒருவர். அறுவர் கையில் பால் மணம் மாறாத குழந்தைகள்! முதலில் உரிமச் சீட்டு இல்லாமல் கூடையில் பண்டம் விற்றுப் பார்த்தனர். காவலர் அவர்களைக் கைது செய்ய மறுத்தனர். சிறைக்குப் போக வேண்டுமென்று புறப்பட்டவரைச் சிறை ஏற்க மறுத்த காட்சி அது. பிறகு அவர்கள் நியூகாசில் நகரின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று அங்கிருந்த ஒப்பந்தத் தொழிலாளரிடம் பேசினர். பேசிய பொருள் மூன்று பவுன் வரி. அக்டோபர் நடுவில் சுரங்கத்தார் வேலையை நிறுத்தினர். அதன்பின் அரசாங்கம் அப்பெண்டிரைப் பிடித்து மூன்று திங்கள் கடுங்காவலில் வைத்தது.

வேலைநிறுத்தம் பரவிற்று. நவம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் சார்லஸ்டவுனிலிருந்து புறப்பட்ட நெடுநடையில் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 சிறுவரும் சென்றனர் என்று காந்தியடிகள் கணக்குத் தந்திருக்கிறார். அவ்வளவு பேரும் மணச் சட்டத்துக்காகவே நடந்தார்கள் என்று எழுதுவது வரலாறாகாது. சுரங்கத் தொழிலாளியை எழுப்பியது வரி. ஆனால் அவனை எழுப்பச் சென்ற பெண்ணை எழுப்பியது அந்தத் தீர்ப்பு. நெருப்பு வேறு, அதனைக் கொண்டு சென்ற கை வேறு. அம்மாதமே சென்னையில் பேசிய இராசப்பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு தென்னாப்பிரிக்க இந்தியரின் பக்கம் தம் பரிவைப் பகிரங்கமாகத் தெரிவித்தார். பிரித்தானிய அரசின் பேராளர் ஒருவர் அப்பேரரசைச் சேர்ந்த மற்றொரு நாட்டு அரசாங்கத்தைக் கண்டித்துப் பேசியது அந்நாளில் பெரிய செய்தி.

சிறைசென்ற பெண்டிருள் வள்ளியம்மையை அறியாத தமிழர் இலர். சோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்த பதினாறு வயதுப் பெண். பெற்றோர் வழியில் நம் தில்லையாடியோடு தொடர்புடையவர். சிறையிலிருந்து கொடிய காய்ச்சலோடு வெளிவந்து 1914-ஆம் ஆண்டு பிப்பிரவரி 22-ஆம் நாள் உயிர்நீத்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டபோது, மீண்டும் கைதானால் மீண்டும் செல்வேன் என்ற கருத்தில் விடையிறுத்தார். அவரைப்பற்றி எழுதுவோர் பலரும் கவனியாத ஒன்று உண்டு. வள்ளியம்மை மணமாகாதவர். எந்தத் தீர்ப்பும் அவரிடமிருந்து மனைவி என்னும் பெயரைப் பறிக்கவில்லை. அவருடைய அன்னையாரும் அவரோடு சிறையிலிருந்தார். அந்தப் பெயர் பறிபோனது அன்னைக்கு. 1915-இல் காந்தியடிகள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது தில்லையாடிக்கும் சென்றார்.

தென்னாப்பிரிக்க அரசு சாலமன் என்பவரின் தலைமையில் மூவர் குழு ஒன்றை அமைத்தது. குழு வரியை நீக்கவும் மணங்களை ஏற்கவும் பரிந்துரைத்தது. 1914-ஆம் ஆண்டு இந்தியர் துயர்நீக்கச் சட்டம் பிறந்தது. இந்தியச் சமயங்களைச் சேர்ந்த குருமாரையே மணப் பதிவு அதிகாரிகளாக நியமிக்க அச்சட்டம் வழிசெய்தது. முன்பே தத்தம் முறைப்படி மணந்து, உண்மையில் ஒரே மனைவியோடு வாழ்பவர் பதிந்துகொண்டால் அந்த மணம் செல்லும் என்றது. செய்யக்கூடியதை விட்டுச் செய்ததைப் பார்க்கக் கற்றுக்கொண்ட சட்டம் என்று இதனைச் சொல்லலாம். ஆனால் இரண்டாம் மனைவியாக வாழ்ந்த பெண்டிருக்கு அதில் இடமில்லை. முஸ்லிம் தலைவர் சிலர் அதனால் மனம் வருந்தினர். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. பலதார மணத்தை நான் ஆதரிப்பவன் அல்லேன். ஆயினும் சட்டம் கோடு கிழிக்கும்போது அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதைக் காணாதிருக்க முடியவில்லை.

வரலாறு இங்கே முடிந்திருந்தால், வேற்று நாட்டார் வேற்றுச் சமயத்தாருக்கு இழைத்த கொடுமை என்று கூறி நாம் மனம் ஆறலாம். இனிச் சொல்லப்போவது நம் ஊரில், நம்மவரே நீதிபதிகளாயிருந்த காலத்தில் நடந்தது.

1928-ஆம் ஆண்டு அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தம் என்னும் ஊரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, ஓமத் தீ இல்லை. சுயமரியாதைத் திருமணங்களின் வரிசையில் அதுவே முதலாவது என்று அவ்வியக்கத்தார் கொள்கின்றனர். பின்னர் ஊர்தோறும் அம்முறை பரவிற்று. மணமக்கள் கூட்டத்தின் முன் நின்று, ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தம் வாயால் தமிழில் சொல்வார்கள், மாலை மாற்றிக்கொள்வார்கள், பெரியவர் ஒருவர் பேசுவார். பேச்சுச் சிறிது நீண்டுவிடுவதும் உண்டு! சாதி கடந்த மணங்களும் கைம்பெண் மணங்களும் அந்த மேடைகளில் நடந்தன. வேண்டுமென்றே இராகு காலத்தில் மணந்தவர்களும் இருந்தனர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவுரிமையும் வேண்டுமென்று தீர்மானம் செய்தது. சடங்கின்றிச் செய்த மணம் அவர்களுக்கு ஒரு கொள்கை. சட்டம் அதனை எப்படிப் பார்க்கும் என்பதை அன்று மேடையிலிருந்தோர் பெரிதாக எண்ணவில்லை.

சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கு ஒரு சட்டம் இருக்கவே செய்தது. வங்காளத்துப் பிரம சமாசத்தார் தம் புதுமுறை மணங்கள் செல்லுமா என்று ஐயுற்று, கேசவ சந்திர சேனர் தலைமையில் அரசை அணுகியதன் பயனாக 1872-இல் பிறந்த சட்டம் அது. அதன்படி மணப்போர் தாம் கிறித்தவரல்லர், யூதரல்லர், இந்துவல்லர், முஸ்லிமல்லர், பார்சியல்லர், பௌத்தரல்லர், சீக்கியரல்லர், சமணரல்லர் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். தாம் யார் என்று சொல்லவேண்டாம். யாரல்லர் என்று சொல்லவேண்டும். இப்படியோர் உறுதிமொழியை மணநாளில் கேட்ட சட்டம் வேறு எங்கேனும் இருந்ததோ அறியேன். 1923-இல் அரிசிங் கௌர் முயற்சியால் அது திருத்தம் பெற்றது. இந்து, பௌத்த, சீக்கிய, சமணச் சமயத்தார் தம் சமயத்தைத் துறக்காமலே மணக்கலாம் என்றாயிற்று. ஆயினும் அவ்வாறு மணந்தவன் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவனாவான். அவனுக்கு உடன்பிறந்த ஆண்மகன் இல்லையாயின், அவன் தந்தை வேறொரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு பிரிவு எழுதியிருந்தது. உயிரோடிருக்கும் மகனை இறந்தவனாகக் கருதுவதற்குச் சட்டம் கொடுத்த அனுமதி அது. சுயமரியாதை முறையில் மணந்த உழவரும் வணிகரும் அந்தப் பதிவாளரைத் தேடிப் போகாததில் வியப்பில்லை.

முப்பதுகளில் நடந்த அத்தகைய மணம் ஒன்று சொத்து வழக்காகிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. 1953-இல் இரு நீதிபதிகள் கூடித் தீர்ப்பளித்தனர். இந்துத் திருமணம் செல்லவேண்டுமானால் சாத்திரச் சடங்கு நடந்திருக்கவேண்டும். அன்றேல் அந்தச் சமூகத்தில் வழிவழி வந்த வழக்கப்படி நடந்திருக்கவேண்டும். வழக்கம் என்பது தொன்மையானதாய், இடையறாததாய் இருப்பது. சில ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஓர் இயக்கம் தானே கூடித் தனக்கொரு மணமுறையை வகுத்துக்கொண்டு அதனை வழக்கம் என்று சொல்ல முடியாது. ஆகவே இது மணமன்று.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சடங்கோடு தம் சமயமுறைப்படி மணந்தாய், ஆகவே நீ மனைவியல்லை என்றது கேப்டவுன். சடங்கில்லாமல் மணந்தாய், ஆகவே நீ மனைவியல்லை என்றது சென்னை. முன்னதில் சமயம் மிகுந்தது குற்றம். பின்னதில் சமயம் குறைந்தது குற்றம். இரண்டிலும் நீதிபதிகள் தம் கையிலிருந்த அளவுகோலைப் பிழையின்றிப் பயன்படுத்தினர். இரண்டிலும் மணமக்கள் மனமொப்பி, ஊரறியக் கூடி, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, மக்களைப் பெற்றிருந்தனர் என்பது அளவுகோலில் எங்கும் எழுதப்படவில்லை. சுயமரியாதை முறையில் மணந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அந்த 1953-ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்ன கலக்கத்தை உண்டாக்கியிருக்கும்! கணவன் இறந்த வீட்டில் பங்காளி ஒருவன் எழுந்து, இவள் என் அண்ணன் மனைவியே அல்லள் என்று சொல்ல அந்தத் தீர்ப்பு போதும். தொல்காப்பியர் சொன்ன பொய்யைத் தடுக்க வந்த சட்டம் அதே பொய்க்குக் கைகொடுத்தது.

1955-இல் பாராளுமன்றம் இயற்றிய இந்து திருமணச் சட்டம் பல வகையில் புரட்சியானது. ஒரே மனைவி, ஒரே கணவன் என்ற நெறியும் மணவிலக்கும் அதனால் வந்தன. ஆனால் மணமுறையைப் பொறுத்தவரை அதன் 7-ஆம் பிரிவு இருதரத்தாருள் ஒரு தரத்தாரின் வழக்கச் சடங்குகளையே கேட்டது. சுயமரியாதை மணம் வெளியேதான் நின்றது. 1967-இல் பேரறிஞர் அண்ணா முதலமைச்சரான பின்னர்த் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அச்சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அது 1968 சனவரி 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பிரிவின் வாசகம் எளியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். எதனைச் செய்தாலும் மணம் செல்லும். எல்லாம் அந்த 'அல்லது' என்னும் சொல்லில் இருக்கிறது. அதன் இடத்தில் 'மேலும்' என்ற சொல் நின்றிருந்தால், பழைய சடங்கை நீக்கிப் புதிய சடங்கைப் புகுத்திய சட்டமாகவே அது முடிந்திருக்கும். தாலியை அடிமைச் சின்னம் என்று வெறுத்தவரும், தாலியின்றி மணமில்லை என்று நம்பியவரும் ஒரே பிரிவின் கீழ் அமர அச்சொல் இடங்கொடுத்தது. சட்டம் வருவதற்கு முன் நடந்த சுயமரியாதை மணங்களும், சில விலக்குகளுக்கு உட்பட்டு, அவை நடந்த அந்தந்த நாள் முதலே செல்லும் என்றும் அப்பிரிவு கூறிற்று. முப்பதுகளில் மேடையேறி மணந்த பெண் 1968-இல் மனைவியாகவில்லை. முப்பதுகளிலேயே மனைவியாக இருந்தாள் என்று அரசு ஒப்புக்கொண்டது. அவளுடைய மக்கள் நரை தோன்றும் வயதில் முறையான பிள்ளைகளாயினர்.

அரசாங்கமே மணத்தில் தலையிடாமல் ஒதுங்கிவிட்டால் என்ன என்று கேட்கும் அறிஞர் உண்டு. கேள்வி அழகானது. ஆனால் நேட்டால் பெண்டிர் எங்களை விட்டு விலகுங்கள் என்று கேட்கவில்லை. எங்களை மனைவியர் என்று எழுதுங்கள் என்றுதான் கேட்டார்கள். சுயமரியாதை இயக்கத்தாரும் சடங்கைத்தான் விலக்கினார்களேயன்றிச் சட்டத்தை விலக்கவில்லை. துறைமுகத்தில் நுழைவுச் சீட்டும், இறந்தவர் வீட்டில் சொத்தும், பள்ளியில் பிள்ளையின் பெயரும் இருக்கும்வரை, அரசு ஒதுங்குவதும் ஒரு தீர்ப்பே. அதன் சுமை வலியற்றவர் தலையில் விழும். உடன்பாடு இருந்ததா, வயது வந்ததா, முன்னொரு மணம் உயிரோடிருக்கிறதா என்று கேட்கும் வேலை அரசினுடையது என்பதே என் கருத்து. எத்தனை அடி நடந்தார்கள், எந்தத் தீயை வலம் வந்தார்கள் என்று கேட்கும் வேலை அதனுடையதன்று.

இதற்கு 2001-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நல்ல சான்று. தமிழ்நாட்டில் மனைவி உயிரோடிருக்கையில் இரண்டாம் மணம் செய்த ஒருவர்மேல் முதல் மனைவி வழக்குத் தொடுத்தார். இரண்டாம் மணத்தில் ஏழடிச் சடங்கு நடைபெறவில்லை. ஆகவே அது மணமே அன்று. ஆகவே குற்றமும் இல்லை என்று வாதிட்டனர். ஆடவர் தப்பிச் செல்ல இதைவிடச் சிறந்த வாயில் இருந்ததில்லை. உச்சநீதிமன்றம் 7-அ பிரிவைக் காட்டி, தமிழ்நாட்டில் ஏழடி வேண்டியதில்லை என்று கூறி அந்த வாயிலை அடைத்தது. சடங்கை மறுத்தவருக்காக வந்த பிரிவு, கைவிடப்பட்ட முதல் மனைவிக்குக் காவலாயிற்று.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் சிலர் முன்னிலையில் நடக்கும் மணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது; 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றி, 7-அ பிரிவு பலரறிய விழா எடுக்கக் கேட்கவில்லை என்றது. குடும்பத்துக்கு அஞ்சி ஓடிவந்து மணக்கும் இளைஞருக்குப் பந்தல் போடச் சொல்வது எத்துணைப் பெரிய தண்டனை என்பதை உணர்ந்த தீர்ப்பு அது. தூத்துக்குடியில் திருநங்கை ஒருவரின் மணத்தைப் பதிய அதிகாரிகள் மறுத்தபோது, மணமகள் என்னும் சொல்லில் திருநங்கையும் அடங்குவர் என்று 2019-இல் மதுரைக் கிளை கூறிற்று. ஒருபாலினத்தாரின் மணத்தை ஏற்பது சட்டமன்றங்களின் பொறுப்பு என்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 அக்டோபரில் ஒதுங்கிக்கொண்டது.

தென்னாப்பிரிக்காவோ அத்தகைய மணத்தை 2006-இலேயே சட்டமாக்கிவிட்டது. இதனை எண்ணும்போது, 1914-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே நிறுத்தியவர்கள் என்ன ஆயினர் என்று அறிய மனம் விழைகிறது. முஸ்லிம் முறைப்படி மட்டும் மணந்த பெண்டிர், நிறவெறி அரசு வீழ்ந்து புதிய அரசியல் சட்டம் வந்த பின்னும் நெடுங்காலம் மணவிலக்குச் சட்டத்தின் காப்பின்றியே இருந்தனர். 2022-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதனைத் தவறென்று கூறிப் பாராளுமன்றத்துக்குக் கெடு விதித்தது. திருத்தச் சட்டம் 2024-இல் வந்தது. நீதிபதி சியர்ல் 1913-இல் கரையிறங்க விடாமல் திருப்பிய பெண்ணும் முஸ்லிம் முறைப்படி மணந்தவரே.